சாயிப்பு எழுதாத நிறுத்தம்

அண்ணன் அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்தார். முதல் தடவை கண்ணாடி இல்லாமல், இரண்டாம் தடவை கண்ணாடி போட்டு, மூன்றாம் தடவை கையில் சிவப்புப் பேனாவுடன். மூன்றாவதில் ஒரு வரிக்கு அடியில் கோடு இழுத்தார். இழுத்துவிட்டுக் காகிதத்தை மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“இத வாசி மக்கா.”

வாசிக்க என்ன இருக்கிறது? காலையில் வந்ததிலிருந்து நான் இருபது தடவையாவது வாசித்திருப்பேன். என் பியானோ டிப்ளமா தேர்வின் முடிவு அது. ஐம்பத்துமூன்று வயதில், பாறசாலையையும் குளத்தூரையும் தாண்டி யாரும் என் வாசிப்பைக் கேட்டிராத நான், திருவனந்தபுரத்துக்குப் போய் ஒரு வெளிநாட்டுத் தேர்வாளர் முன்னால் உட்கார்ந்து வாசித்துவிட்டு வந்திருந்தேன். கொஞ்ச மதிப்பெண்ணில் தவறிவிட்டது.

அண்ணன் கோடு இழுத்த வரி இதுதான்: ‘வரி முடிவுகளில் இசைக்குறிப்பில் இல்லாத நீண்ட நிறுத்தங்கள். இசையின் ஓட்டம் தடைப்படுகிறது.’

பக்கத்து வீட்டுப் புரையிடத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டிருந்தார்கள். அந்த வாடை ஜன்னல் வழியாக வந்து மேசையைச் சுற்றிக்கொண்டது. என் கணவர் சாமுவேல் மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறியும் கொண்டுவந்து வைத்திருந்தார். யாரும் கை வைக்கவில்லை.

“எழுதினத எழுதினபடி வாசிச்சா என்னட்டி?” என்றார் அண்ணன். “சாயிப்புக்க நோட்ட திருத்த நீ ஆரு?”

“நான் ஒண்ணும் திருத்தல்ல. அது எனக்க வாசிப்பாக்கும்.”

“வாசிப்பு இல்ல, பிழை.”

எனக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் கோபம் முதலில் அங்கேதான் தெரியும்.

சாயிப்பும் நாங்களும்

சாயிப்பு என்று எங்கள் வீட்டில் சொல்வது நான் தேர்வில் வாசித்த பாட்டை எழுதிய வெள்ளைக்காரரை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மன் பேசும் நாட்டில் வாழ்ந்தவர். அவர் பெயரையும் பாட்டின் பெயரையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் பியானோ தெரிந்த வாசகர்கள் உடனே கட்சி கட்டிக்கொண்டு கடிதம் எழுதுவார்கள். ஒரு வீட்டுச் சண்டையே எனக்குப் போதும்.

இரண்டு பக்கப் பாட்டு. மெதுவாகப் போகும். எட்டு நீண்ட வரிகள். கை வேகம் ஒன்றும் பெரிதாக வேண்டாம், ஆனால் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. தவறாக ஒரு விரல் பட்டால் அடுத்த வீட்டு ஆடு கூடத் திரும்பிப் பார்க்கும்.

இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன், நான் தொழிலால் லேப் டெக்னீஷியன். தனுவச்சபுரம் ரோட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக இரத்தம் எடுத்துப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறேன். பஸ் இறங்கி வரும் கல்லூரிப் பெண்கள் ஊசியைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு “சேச்சி, மெதுவா” என்பார்கள். அங்கே என் இஷ்டத்துக்கு ஒரு புள்ளி கூடக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மாலையில் வீட்டுக்கு வந்து பியானோவின் மூடியைத் திறக்கும்போதுதான் எனக்கு என் இஷ்டம் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும்.

வீட்டில் இருப்பது பழைய பியானோ. ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பத்திடமிருந்து வாங்கினோம். மழைக்காலத்தில் கட்டைகள் ஊதிக்கொள்ளாமல் இருக்க அதன் வயிற்றுக்குள் எப்போதும் ஒரு சின்ன பல்பு எரியும். கரன்ட் போனால் சாமுவேல் முதலில் அதைத்தான் கவனிப்பார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர், எந்த யந்திரமும் ஈரத்தில் நிற்பது அவருக்குப் பொறுக்காது.

ஒரு ராகம், இரண்டு மொழி

சரி, அந்த நிறுத்தம் எங்கிருந்து வந்தது? அதைச் சொல்ல எங்கள் ஆலயத்துக்குப் போகவேண்டும்.

எங்கள் சபையில் தமிழ்க்காரர்களும் உண்டு, மலையாளக்காரர்களும் உண்டு. பெரும்பாலானவர்கள் இரண்டும்தான். வீட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, கோபம் வந்தால் கையில் கிடைப்பது ஒன்று. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாரும் சேர்ந்து ஆராதனை. அன்று பாட்டு ஒரே ராகம். இடப்பக்கம் தமிழில் பாடும், வலப்பக்கம் மலையாளத்தில் பாடும், ஒரே சமயத்தில்.

வெளியூர்க்காரர்கள் கேட்டால் திகைத்துப் போவார்கள். எங்களுக்கு அது பழகிப்போன சத்தம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ராகம் ஒன்றானாலும் வரியின் கடைசிச் சொல் இரண்டு மொழியிலும் ஒரே நீளம் கிடையாது. சில வரியில் தமிழ்ப் பக்கம் முடித்துவிட்டு மூச்சு வாங்கும்போது மலையாளப் பக்கம் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும். சில வரியில் நேர்மாறாக. பியானோ வாசிப்பவள் முந்திக்கொண்டு அடுத்த வரிக்குப் போனால் பாதிச் சபை நடுவழியில் நிற்கும்.

ஆகவே காத்திருக்கவேண்டும். வரி முடிந்ததும் கையை எடுக்காமல், சத்தம் குறைந்து போவதை விட்டுப்பிடித்து, இரண்டு பக்கமும் வந்து சேர்ந்த பிறகு நகரவேண்டும். பதினாறு வயதில் ஹார்மோனியத்தில் தொடங்கினேன். எந்த வரியில் எந்தப் பக்கம் பிந்தும் என்பது எனக்கு மனப்பாடம் இல்லை, விரல்பாடம்.

அந்த விரல்களோடுதான் நான் சாயிப்பின் பாட்டுக்கும் போயிருக்கிறேன்.

ஆதாரமெழுத்துக்காரர்

ஜெபமணி அண்ணன் எனக்கு எட்டு வயது மூத்தவர். பாறசாலையில் ஆதாரமெழுத்து. தமிழ்நாட்டில் பத்திரம் என்பதை எங்கள் பக்கம் ஆதாரம் என்போம். நிலம் வாங்குகிறவர், விற்கிறவர், பாகம் பிரிக்கிறவர் எல்லாரும் அவர் மேசைக்கு வந்தே ஆகவேண்டும். கிழக்கே இன்னார் பறம்பு, மேற்கே நடைவழி என்று எல்லை எழுதுவது அவர் தொழில். ஒரு சொல் மாறினால் ஒரு தென்னை அடுத்தவனுக்குப் போய்விடும் என்பதைக் கண்ணால் கண்டவர்.

அவர்தான் எங்கள் பாடகர் குழுவின் தலைவரும். டெனார் என்ற உச்ச ஆண்குரலில் பாடுவார். நோட் வாசிப்பதில் புலி. ஒரு சுரத்துக்கு மேல் புள்ளி வைத்திருந்தால் அந்தப் புள்ளியின் உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார்.

நான் விட்டேனா? மறுநாளே போனை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அதே பாட்டைப் பெரிய பெரிய பியானோக்காரர்கள் வாசித்ததை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். ஒருவர் வேகமாகப் போனார். ஒருவர் தூங்கப்போகிறவர் போல வாசித்தார். ஒரு அம்மா மூன்றாவது வரியில் என்னைவிட அதிக நேரம் நின்றார்.

“பாத்தியளா? இவங்க எல்லாருமா பிழை?”

“பத்து பேரு வேலிய மாத்தி நட்டா எல்லை மாறுமா?” என்றார்.

“அண்ணே, இது வேலி இல்ல. பாட்டு.”

“பாட்டுக்கும் எழுதினவன் ஒருத்தன் உண்டும் பிரேமா. செத்துப்போனவன் வந்து கேக்கமாட்டான்னு நெனைச்சு நாம இஷ்டத்துக்குச் செய்யப்பிடாது. செத்தவனுக்க எழுத்துக்குத்தான் கூட மரியாத வேணும்.”

உயில்களையும் எழுதுகிறவர் அல்லவா? ஆனாலும் எனக்கு விட மனமில்லை.

“அப்ப வாசிக்கிறதுக்கு ஆளு என்னத்துக்கு? நோட்ட கம்ப்யூட்டர்ல போட்டா அதுவே வாசிக்கும். ஒரு புள்ளி பிசகாது. இருந்து கேளுங்க.”

சாமுவேல் அடுக்களையிலிருந்து மைத்துனரை நோக்கித் தலையை நீட்டி, “அளியா, ரெண்டு பேரும் ஒண்ணு நிறுத்துமோ? சோறு ஆறுது” என்றார்.

நிற்காமல் ஒரு தடவை

இப்படி இரண்டு வாரம் போனது. ஆலயத்து முற்றத்தில் சண்டை, போனில் சண்டை, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசத்துக்கு நடுவில் சண்டை. கடைசியில் ஒரு சனிக்கிழமை அண்ணன் வந்து பியானோவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“செரி. உனக்க வாசிப்புன்னு நான் சம்மதிக்கிறேன். ஒரு காரியம் மட்டும் செய்யி. ஒரு தடவ நிக்காம வாசிச்சுக் காட்டு. பின்ன எங்க வேணும்னாலும் நில்லு. நான் வாய் திறக்கமாட்டேன்.”

இதென்ன பெரிய காரியம் என்று உட்கார்ந்தேன். முதல் வரி. முடிவில் கை நின்றது. சிரித்துக்கொண்டு மறுபடி தொடங்கினேன். மறுபடியும் நின்றது. போனில் தாளம் தட்டும் ஆப்பைப் போட்டேன். அது டிக் டிக்கென்று முன்னால் போய்விட்டது, நான் வரி முடிவில் யாருக்கோ காத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு தடவையோ எட்டுத் தடவையோ முயன்றேன். அண்ணன் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டார். கேலி செய்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்க வாசிப்பு, எனக்க வாசிப்பு என்று இரண்டு வாரமாக நான் கொடி பிடித்த அந்த நிறுத்தத்தை நான் தேர்ந்தெடுக்கவே இல்லை. தேர்வாளரின் காகிதம் வருவதற்கு முன்னால் நான் நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்ததை, பிடிபட்ட பிறகு, சுதந்திரம் என்று பெயர் வைத்து மேடை ஏற்றியிருக்கிறேன். லேபில் இப்படிச் செய்திருந்தால் என்னை நானே வேலையை விட்டு அனுப்பியிருப்பேன்.

“அண்ணே, என்னால முடியல்ல” என்றேன்.

“முடியும். சமயம் எடுக்கும்.” எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். “நாளைக்கு வாறேன்.”

பியானோ எங்கே ஓடுகிறது?

அடுத்த இரண்டு மாதம் நிற்காமல் வாசிக்கப் பழகினேன். காலையில் லேபுக்குப் போகுமுன் அரை மணி, வந்ததும் ஒரு மணி. வரி முடிவு வரும்போது இடது கையை முன்கூட்டியே நகர்த்தி வைப்பேன். விரல்கள் முரண்டு பிடிக்கும். அடக்குவேன். ஒருநாள் முதல் நான்கு வரி நிற்காமல் போனது. சாமுவேல் கை தட்டினார்.

அதன் பலன் முதல் ஞாயிறு அன்று தெரிந்தது. காணிக்கைப் பாட்டு. நான் என் புது விரல்களோடு உட்கார்ந்து, வரி முடிந்ததும் காத்திருக்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். தமிழ்ப் பக்கம் என்னோடு ஓடி வந்தது. மலையாளப் பக்கம் பழைய வரியிலேயே நின்றது. இரண்டாவது சரணத்தில் இரண்டு பக்கமும் இரண்டு வேறு பாட்டுப் பாடுவது போல ஆகி, மூன்றாவது சரணத்தில் பாதிப்பேர் வாயை மூடிக்கொண்டார்கள். போதகர் புத்தகத்துக்கு மேலாக என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

வெளியே வந்ததும் காரோடு ஊரிலிருந்து வரும் மேரிக்குட்டி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மீன் விற்கிறவர், ஆலயத்தின் கடைசி வரிசையில் நின்று எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடுகிறவர்.

“என்ன மக்கா, இன்னைக்கு பியானோ எங்க ஓடுது? பஸ்ஸு போயிருமோ?”

“இல்லக்கா, பழகிக்கிட்டிருக்கேன்.”

“பழகு, பழகு. எங்கள விட்டுட்டு மட்டும் போவாத, கேட்டியா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அது உள்ளே போய் இறங்கிவிட்டது. முப்பத்தேழு வருஷமாக நான் காத்திருந்தது யாருக்காக என்பது அந்த முற்றத்தில்தான் எனக்கு முகம் முகமாகத் தெரிந்தது. அது பிழை இல்லை. அது என் வேலை. நான் அதைச் செம்மையாகச் செய்திருக்கிறேன் என்று அன்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. சாயிப்பின் பாட்டில் அதற்கு இடம் உண்டா என்பதுதான் கேள்வி.

முன்னாதாரம்

அச்சுப் புத்தகமே இடைவெளி விடும் ஓர் இடம் தவிர, எட்டு வரியும் நிற்காமல் வாசித்துக் காட்டிய நாளில் அண்ணன் ஒரு தடவை தலையாட்டினார். எங்கள் அண்ணனின் தலையாட்டல் மற்றவர்களின் மாலை மரியாதைக்குச் சமம். பிறகு என் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

“இது எந்த ஆதாரம்?”

“என்ன ஆதாரமா? ஜெராக்ஸ் அண்ணே. குளத்தூர்ல எடுத்தது.”

“அதில்ல. சாயிப்பு எழுதினது இதுதான்னு என்ன நிச்சயம்? முன்னாதாரம் எங்க?”

ஆதாரமெழுத்துக்காரர்கள் ஒரு நிலத்துக்குப் புது ஆதாரம் எழுதுமுன் அதற்கு முந்தைய ஆதாரத்தைக் கேட்பார்கள். அதுதான் முன்னாதாரம். அது இல்லாமல் அண்ணன் பேனா மூடியைத் திறக்கமாட்டார். இத்தனை மாதம் அச்சடித்த புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு என்னோடு மல்லுக்கு நின்றவருக்கு, திடீரென்று அந்தப் புத்தகத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

தேடினார். இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டார். சாயிப்பு கைப்பட எழுதிய பிரதி ஐரோப்பாவில் ஒரு நூலகத்தில் இருக்கிறது, அதை ஸ்கேன் செய்து யாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அண்ணன் அதைப் பெரிதாக அச்செடுத்து, பூதக்கண்ணாடியோடு எங்கள் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார்.

சாயிப்பின் கையெழுத்து கொடுமை. கோழி கிளறிய முற்றம்தான். ஆனால் அண்ணன் பழைய கையெழுத்து ஆதாரங்களை, மை பரவியதும் கரையான் அரித்ததுமாக, ஆயுள் முழுக்க வாசித்தவர். ஒவ்வொரு வரியாக என் ஜெராக்ஸோடு ஒப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்து சுரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

“மெதுவா வாசிக்கணும்னு புத்தகத்தில போட்டிருக்கே. இங்க இல்ல,” என்றார் அண்ணன்.

“இல்லியா?”

“இந்த சத்தம் கூட்டற அடையாளம்? அதும் இல்ல. இது எல்லாம் ஆரோ பின்ன எழுதிச் சேத்ததாக்கும்.”

எனக்கு ஒரே சமயத்தில் சிரிப்பும் கோபமும் வந்தன. நடுவில் வந்த ஒரு பதிப்பாசிரியர், பெரிய மனிதராகத்தான் இருப்பார், தனக்குத் தோன்றியதையெல்லாம் சாயிப்பின் பாட்டில் எழுதிவைத்திருக்கிறார். அவருடைய இஷ்டம் அச்சில் ஏறியதால் அது சட்டம். என்னுடைய இஷ்டம் விரலில் இருந்ததால் அது பிழை.

“இப்ப சொல்லுங்க,” என்றேன்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோற்றுப்போன முகமே இல்லை. நிலத்தின் உண்மையான எல்லையைக் கண்டுபிடித்த முகம்.

“சாயிப்பு எழுதின எல்லை வரைக்கும் சாயிப்புக்கு. அதில நாம கை வைக்கப்பிடாது. அவரு வெறுதே விட்ட எடம் கைவசக்காரிக்கு, இப்ப கையில வச்சிருக்கவளுக்கு. நீ நில்லு, நிக்காத, அது உனக்க இஷ்டம். ஆனா அறிஞ்சு நிக்கணும்.”

ஐந்தாவது வரி

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை எழுதியிருக்கவே மாட்டேன்.

அண்ணனின் விரல் ஐந்தாவது வரிக்கு வந்து நின்றது. சுரங்களின் தலைக்கு மேலே வில் போல ஒரு கோடு வரைவார்கள். அதன் கீழ் இருப்பதையெல்லாம் இடையில் மூச்சு விடாமல், ஒரே இழுப்பில் வாசிக்கவேண்டும். என் புத்தகத்தில் அந்தக் கோடு ஐந்தாவது வரியின் முடிவில் நின்றுவிடும். அதனால் அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் நிற்பதற்குப் புத்தகத்தின் சம்மதம் இருந்தது. பாட்டு முழுவதிலும் எனக்கு உயிர் அந்த இடம்தான். அங்கே நின்றால் என் கண் நிறையும்.

சாயிப்பின் கையெழுத்தில் அந்தக் கோடு நிற்கவில்லை. வரி முடிவைத் தாண்டி அடுத்த வரிக்குள் போகிறது. அதுவும் மற்ற கோடுகளைவிட அழுத்தமாக, காகிதம் கிழிந்துவிடும் போல.

“இங்க நிக்கப்பிடாது,” என்றார் அண்ணன்.

“புத்தகத்தில நிக்கச் சொல்லியிருக்கே!”

“புத்தகம் கெடக்கட்டும். இது அவருக்க கையாக்கும்.”

நான் மூடியைச் சாத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். அதிகச் சத்தத்தோடு சாத்தினேன் என்று சாமுவேல் பிறகு சொன்னார். மற்ற நிறுத்தங்களை எனக்குத் தந்துவிட்டு, எனக்குப் பிரியமான ஒன்றை மட்டும் பிடுங்குகிறாரே என்று இருந்தது. இன்னொன்றும் இருந்தது. நான் மறுபடி விண்ணப்பித்திருந்த தேர்விலும் தேர்வாளர் கையில் இருக்கப்போவது அச்சுப் புத்தகம்தான். புத்தகம் நிற்கச் சொல்லும் இடத்தில் நான் ஓடினால், இந்தத் தடவையும் தவறிவிடும். மூன்றாம் தடவை முயலும் தெம்பு எனக்கு இல்லை.

ஐந்து நாள் அண்ணனோடு பேசவில்லை. ஆறாம் நாள், வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், சும்மா வாசித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். மழை பிடித்திருந்தது. ஐந்தாவது வரி முடிவில் நிற்காமல், அவர் கோடு போட்டபடி, அப்படியே அடுத்த வரிக்குள் போனேன்.

அதுவரை அந்த ஆறாவது வரியை நான் கேட்டதே இல்லை என்று சொல்லவேண்டும். நின்று தொடங்கும்போது அது ஒரு புது வரி. நிற்காமல் போகும்போது, அழுது முடிக்குமுன்பே வேலைக்கு எழுந்துவிட்ட ஒரு பெண்ணின் குரல் அதில் இருந்தது. என் அம்மா இறந்த மறுநாள் நான் லேபைத் திறந்தது நினைவுக்கு வந்தது. சாயிப்புக்கு அது தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அவ்வளவு அழுத்தமாகக் கோடு போட்டிருக்கிறார். நான் அங்கே நின்று நின்று அவரைப் பேசவிடாமலே வைத்திருந்திருக்கிறேன்.

மழை விட்டதும் அண்ணனுக்குப் போன் போட்டேன். “நீங்க சொன்னது செரி,” என்றேன். “மனசிலாச்சா?” என்றார். ஆமாம் என்றேன்.

இரண்டாம் தடவை

எட்டு வரியில் இரண்டு நிறுத்தங்களை மட்டும் வைத்துக்கொண்டேன். மூன்றாவது வரியில் ஒன்று, ஏழாவதில் ஒன்று. இரண்டும் சாயிப்பு ஒன்றும் எழுதாமல் விட்ட இடங்கள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டேன். ஐந்தாவது வரியில் அவர் சொன்னபடி.

தேர்வன்று அண்ணனும் கூட வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். வாசலில் நிறுத்தி, மடித்த காகிதம் ஒன்றை என் பைக்குள் திணித்தார்.

“இருக்கட்டும். கேட்டா காட்டு.”

இந்தத் தடவை தேர்வாளர் ஒரு வயதான ஆங்கிலேய அம்மா. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். முழங்கால் மேல் அச்சுப் புத்தகம், கையில் பென்சில். நான் வாசித்தேன். மூன்றாவது வரியில் நின்றபோது, இப்போது நான் நிற்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. அந்த நிச்சயத்தை எப்படிச் சொல்வது? என் காலில் நான் நின்ற மாதிரி இருந்தது.

வாசித்து முடித்த பிறகு வாய்மொழிக் கேள்விகள். அந்த அம்மா பென்சிலால் இரண்டு இடத்தைத் தட்டினார்.

“மூன்றாவது வரியிலும் ஏழாவதிலும் காத்திருக்கிறீர்கள். ஏன்?”

“இரண்டு மொழியில் சேர்ந்து பாடும் சபைக்கு வாசிக்கிறவள் நான். ஒரு பக்கம் முடித்தாலும் மற்றப் பக்கத்துக்குக் காத்திருப்போம். அவர் அங்கே வேண்டாம் என்று எழுதவில்லை. அதனால் என் ஊர் வழக்கத்தை அங்கே வைத்தேன்.”

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்து பென்சில் ஐந்தாவது வரிக்குப் போனது.

“இங்கே கோடு முடிகிறது. மூச்சு விடவேண்டும். நீங்கள் விடவில்லை.”

யோசிக்குமுன் என் வாய் முந்திக்கொண்டது.

“புத்தகத்தில் முடிகிறது. அவர் கையெழுத்தில் முடியவில்லை.”

பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தேன். சாயிப்பின் ஐந்தாவது வரி, பெரிதாக அச்செடுத்தது. கோடு வரி முடிவைத் தாண்டும் இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு அம்புக்குறி. அண்ணனின் அம்புக்குறி.

அந்த அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் புத்தகத்தைத் திறந்து, அச்சில் முடிந்துபோயிருந்த கோட்டை அடுத்த வரிக்குள் பென்சிலால் நீட்டி வரைந்தார்.

“தயவு செய்து அந்த இடத்தை இன்னொரு தடவை வாசியுங்கள்,” என்றார். “எனக்காக.”

ரயிலில்

சில வாரம் கழித்து முடிவு வந்தது. பாஸ், அதுவும் நல்ல மதிப்பெண்ணில். அதைவிட எனக்குப் பெரிது தேர்வன்று சாயங்காலப் பாசஞ்சர் ரயிலில் நடந்தது.

பாலராமபுரம் வரை அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எங்கே அழுதுவிடுவேனோ என்று பயந்திருப்பார். நானாகவே ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் சொன்னேன். பென்சிலால் கோடு நீட்டியதைச் சொன்னபோது, “நீட்டினாளா?” என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெயித்தது யார் என்று இருவரும் பேசவில்லை. அது எப்போதோ முடிந்துபோன பேச்சாகத் தோன்றியது.

எதிர் சீட்டில் ஒருவர், மடியில் பொதி வைத்துக்கொண்டு கடலை கொறித்துக்கொண்டிருந்தார். எங்களை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. நெய்யாற்றின்கரை தாண்டியதும் அண்ணன் சட்டென்று அவர் பக்கம் குனிந்தார்.

“இது எனக்க தங்கச்சியாக்கும்,” என்றார். “பியானோ வாசிப்பா. சாயிப்பு எழுதினதையும் வாசிப்பா, எழுதாததையும் வாசிப்பா.”

அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்து, “கொள்ளாம்” என்று மெச்சிக் கொஞ்சம் கடலையை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அண்ணன் என்னைப் பற்றி வெளியாள் ஒருவரிடம் சொல்லி என் காதால் கேட்டது ஐம்பத்துமூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை.